சுரங்கத்தை யார் கண்காணிப்பது?

(இளைஞர்களுக்கான படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனிமவளத் துறையை அரசு எப்படிக் கண்காணிக்கிறது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சாதி ஒழிப்பு பேசுகிற நமக்கு ராயல்டி, ஏலம், குத்தகை என்கிற சங்கதிகளோடு என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். இந்த நாட்டில் சுரங்கங்களை ஆய்வு செய்ய ஓர் அலுவலகம் ஏன் உருவானது என்று பார்த்தாலே அந்தத் தொடர்பு புரிந்துவிடும்.

1897இல் கோலார் தங்கவயலில் ஒரு பெரிய விபத்து நடந்தது. 52 பேர் இறந்தார்கள். அதையடுத்து, இன்று பாகிஸ்தானில் இருக்கிற பலுசிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகுதான் 1901இல் இந்தியச் சுரங்கச் சட்டம் வந்தது. 1902 ஜனவரியில் கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் திறந்தார்கள். இன்று தன்பாத்தில் இருக்கிற சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் அந்த அலுவலகத்தின் தொடர்ச்சிதான்.

கோலார் தங்கவயலில் பூமிக்குள் இறங்கியவர்கள் யார்? வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து போன தலித் மக்கள் அவர்களில் பெரும்பான்மை. ஊரில் பண்ணையடிமையாகக் கிடந்தவர்கள் கையில் காசாகக் கூலி வாங்கிய இடம் அது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை விட்டதும் அந்த மண்ணில்தான். ஆக, இந்தியாவில் சுரங்க ஆய்வு என்கிற ஏற்பாடு பிறக்கக் காரணமான சாவுகளில் நம் முன்னோர்களின் சாவும் இருக்கிறது. ராயல்டிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு இதுதான் முதல் பதில்.

அதே தங்கவயலில் இன்னொரு வகைக் கண்காணிப்பும் இருந்தது. தொழிலாளி தங்கத்தைத் திருடிவிடுவான் என்று அவனைச் சோதனை போட்டார்கள். ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, 1930இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடம் கைரேகை வாங்கிய காலம் அது. எங்களையும் குற்றவாளியாகப் பார்க்கிறாயா என்ற தன்மானக் கேள்வி அந்தப் போராட்டத்தில் இருந்தது.

இந்த இரண்டு கண்காணிப்புகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, உயிரைக் காப்பாற்ற முதலாளியைக் கண்காணிப்பது. இன்னொன்று, கனிமத்தைக் காப்பாற்றத் தொழிலாளியையும் ஊர்க்காரனையும் கண்காணிப்பது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இரண்டாவது கண்காணிப்புதான் வலுவாக இருக்கிறது. நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

இன்றைய ஏற்பாடு எப்படி இருக்கிறது? 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி பெரிய கனிமங்களின் கட்டுப்பாடு ஒன்றிய அரசிடம் இருக்கிறது. கல், மணல், ஜல்லி போன்ற சிறு கனிமங்கள் மாநில அரசின் பொறுப்பு. எவ்வளவு தோண்டுகிறார்கள் என்று பார்க்க நாக்பூரில் இந்தியச் சுரங்கப் பணியகம் இருக்கிறது. தொழிலாளர் பாதுகாப்புக்குத் தன்பாத் அலுவலகம். சுற்றுச்சூழல் அனுமதி தருவது வேறொரு அமைச்சகம். அந்த அனுமதிக்கான ஆய்வறிக்கையை எழுதுவது யார் தெரியுமா? சுரங்கம் தோண்டப்போகிற நிறுவனமே காசு கொடுத்து அமர்த்துகிற ஆலோசகர். பரிட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

அரசே கனிமத்தை ஏலம் விடுகிறது. ராயல்டி வாங்குவதும் அரசுதான். கோல் இந்தியா போன்ற நிறுவனங்கள் மூலம் அதுவே தோண்டவும் செய்கிறது. பிறகு அதே அரசுதான் ஆய்வுக்கும் வரவேண்டும். தோண்டத் தோண்ட வருமானம் பார்க்கிற ஒருவர், நிறுத்து என்று எத்தனை முறை சொல்வார்?

கண்காணிப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2010இல் நீதிபதி எம்.பி.ஷா ஆணையம் அமைத்தார்கள். சட்டவிரோத இரும்புத்தாதுச் சுரங்கத்தால் கோவாவில் சுமார் 35,000 கோடி ரூபாய், ஒடிசாவில் சுமார் 59,000 கோடி ரூபாய் என்று அந்த ஆணையம் இழப்பைக் கணக்கிட்டது. 2011இல் கர்நாடக லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டேவின் பெல்லாரி அறிக்கைக்குப் பிறகு ஒரு முதலமைச்சரே பதவி விலகினார். இவை முக்கியமான வேலைகள். ஆனால் ஷா ஆணையத்தின் பதவிக்காலத்தை 2013 அக்டோபருக்கு மேல் நீட்டிக்காமல் முடித்துவிட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த அறிக்கைகள் பேசியது பெரும்பாலும் எத்தனை டன் தாது களவு போனது, கருவூலத்துக்கு எவ்வளவு நட்டம் என்பதைத்தான். தாதுவின் கணக்கு கோடிகளில் துல்லியமாக இருக்கிறது. உயிரின் கணக்கு எப்படி இருக்கிறது?

1975 டிசம்பர் 27. தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அரசுக் கணக்குப்படி 375 பேர் இறந்தார்கள். அது அரசுத் துறை நிறுவனத்தின் சுரங்கம். வழக்கில் தீர்ப்பு எப்போது வந்தது? 2012இல். 36 ஆண்டுகள் கழித்து இரண்டு முன்னாள் அதிகாரிகளுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை. 375 உயிருக்கு அவ்வளவுதான்.

2016 டிசம்பரில் ஜார்க்கண்டின் ராஜ்மகால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண் சரிந்து 23 பேர் இறந்தார்கள். சுரங்கம் கோல் இந்தியாவின் துணை நிறுவனத்துடையது. இறந்தவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். மலக்குழிச் சாவுகளைப் பற்றித் தொடர்ந்து பேசுகிற உங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. வேலை மாநகராட்சியுடையது, ஆள் காண்ட்ராக்டருடையவர். செத்த பிறகு, அவர் எங்கள் ஊழியரே இல்லை என்பார்கள். ஒப்பந்த முறை கூலியை மட்டும் குறைப்பதில்லை. பதிவேட்டிலிருந்து பெயரையே அழித்துவிடுகிறது. பெயர் இல்லாத தொழிலாளியை எந்த ஆய்வாளர் பாதுகாப்பார்?

மேகாலயாவில் எலிவளைச் சுரங்கங்களுக்கு 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. தடை இருக்கும்போதே 2018 டிசம்பரில் ஜைந்தியா மலையின் க்சான் என்ற இடத்தில் 15 பேர் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் அசாமின் உம்ராங்சோவில் அதேபோன்ற ஒரு குழியில் 9 பேர் சிக்கினார்கள். தடைச் சட்டம் காகிதத்தில் இருக்கிறது, குழி மண்ணில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பார்க்க வேண்டிய கண்தான் இல்லை.

விபத்தில் சாகிறவர்களாவது செய்தியில் வருகிறார்கள். தூசியில் சாகிறவர்கள் அதிலும் வருவதில்லை. ராஜஸ்தானின் மணற்கல் குவாரிகளில் வேலை செய்கிற தலித், ஆதிவாசி மக்களின் நுரையீரலைச் சிலிகோசிஸ் அரிக்கிறது. கல்தூசியால் வருகிற, திரும்பக் குணமாகாத நோய் அது. தொழிலாளர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடியதால்தான் 2019இல் அந்த மாநிலம் ஒரு கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம். இந்தப் பணத்தைக் கொடுப்பது அரசு. தூசியை அடக்கத் தண்ணீர் தெளிக்காத குவாரி முதலாளி என்ன ஆனார்? இன்னாரிடம் வேலை பார்த்தேன் என்று நிரூபிக்கத் தொழிலாளியிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. அதனால் முதலாளி தப்பிவிடுகிறார்.

தமிழ்நாட்டிலும் இதுதான் நிலை. 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளம், 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை என்று குவாரிகளில் பாறை சரிந்து தொழிலாளர்கள் செத்தார்கள். விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் வருகிறார்கள், குவாரியை மூடுகிறார்கள். விபத்துக்கு முன்பு வந்திருக்க வேண்டாமா? லாரியில் நடைச்சீட்டு இருக்கிறதா என்று சாலையில் மறித்துப் பார்க்க ஆள் இருக்கிறது. பாறையைச் செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாக வெட்டியிருக்கிறார்களா என்று குழிக்குள் போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இப்படித்தான் இருக்க முடியும் என்று யாராவது சொன்னால், 1943ஐ நினைவுபடுத்துங்கள். அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அந்த ஆண்டு டிசம்பரில் தன்பாத் வட்டார நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், பூமிக்குள் இறங்கிப் பார்த்தார். குடியிருப்புகளையும் மருத்துவமனையையும் பார்த்தார். அடுத்த மாதமே, 1944 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. வெட்டி அனுப்புகிற ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு வரி. அந்தப் பணத்தில் தொழிலாளிக்கு வீடு, தண்ணீர், மருத்துவம்.

அதன் நீட்சியாக 1947இல் வந்த சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. நிதிக்கான ஆலோசனைக் குழுவில் முதலாளிகள் எத்தனை பேரோ அத்தனை பேர் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். யாருடைய பெயரில் நிதி இருக்கிறதோ, அவர்களுக்கும் அந்த மேசையில் நாற்காலி உண்டு என்று எழுதி வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி, பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்ற தடையை அதே அரசு 1943இல் விலக்கியது. 1944 பிப்ரவரியில் மத்தியச் சட்டமன்றத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. இது தற்காலிகம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று அம்பேத்கர் அவையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1946இல் தடை திரும்ப வந்தது. பொறுப்பில் இருப்பவரை அவையில் நிற்கவைத்துக் கேட்டார்கள், அவரும் பதில் சொன்னார். கண்காணிப்பு என்பதில் இதுவும் சேரும்.

இப்போது இன்றைக்கு வருவோம். 2015இல் சட்டத்தைத் திருத்தி, மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய குத்தகைதாரர் ராயல்டியில் 30 சதவீதமும், ஏலத்தில் எடுத்தவர் 10 சதவீதமும் கூடுதலாக இதற்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கான பணம் என்று சட்டமே சொல்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? தலைமையில் கலெக்டர். எம்.பி., எம்.எல்.ஏ.க்களைச் சேர்க்க வேண்டும் என்று 2021இல் ஒன்றிய அரசு உத்தரவே போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குச் சரிபாதி இடம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. 1947இல் எழுத முடிந்த ஒரு விதியை 2015இல் எழுத முடியவில்லை.

அடுத்து, நிலத்தின் மேல் வாழ்கிறவர்களின் குரல். 1997 ஜூலையில் சமதா வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆந்திராவின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் ஆதிவாசி அல்லாத தனியார் நிறுவனங்களுக்குச் சுரங்கக் குத்தகை தரக்கூடாது என்றது. 2013 ஏப்ரலில் நியம்கிரி வழக்கில், கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்றது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, ஒடிசா அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. மாவட்ட நீதிபதி முன்னிலையில் கூடிய அந்த 12 ஊர்களும் வேண்டாம் என்றன. டோங்ரியா கோந்த் மக்கள் ஓர் உலக நிறுவனத்தின் பாக்சைட் சுரங்கத்தைத் தடுத்து நிறுத்தினார்கள்.

ஆனால் அது நீதிமன்றத்தின் வழியே கிடைத்த வெற்றி. சட்டத்தில் அந்த உரிமை அவ்வளவு உறுதியாக இல்லை. 1996இன் பெசா சட்டம்கூட ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் சிறு கனிமங்களுக்குத்தான் ஊராட்சியின் பரிந்துரையைக் கட்டாயமாக்குகிறது. பெரிய கனிமம் என்றால் நிலம் எடுக்கும்போது கலந்தாலோசித்தால் போதும். நம் மாநிலத்தில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே கிடையாது என்பதால் அந்த அளவு உரிமையும் இங்கே இல்லை.

அரிட்டாபட்டி உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் மேலூர் வட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை இந்துஸ்தான் ஜிங்க் ஏலத்தில் எடுத்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. சுமார் 2,015 ஹெக்டேர். பல்லுயிர் மரபுத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட பகுதியும் அதற்குள் இருந்தது. ஊர் மக்களுக்கு இது ஏலம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. கிராம சபைத் தீர்மானங்கள், சட்டமன்றத் தீர்மானம், மேலூரிலிருந்து மதுரைக்குப் பெரும் பேரணி. 2025 ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. பெரிய வெற்றி. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் என்று அரசு பட்டியலிட்டவற்றைத் தோண்டப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு அரிட்டாபட்டி வந்தால், மக்கள் மைக் பிடித்துப் பேச அரசு நடத்துகிற அந்த ஒரு நாள் கூட்டமும் இருக்காது.

இங்கே நமக்குள் ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். கிராம சபைக்கு அதிகாரம் கொடு என்கிறோம். கிராமம் என்றால் என்ன என்பதும் நமக்குத் தெரியும். அதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. சமதா தீர்ப்பு வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, 1997 ஜூனில், தனித்தொகுதியில் வென்று ஊராட்சித் தலைவரான முருகேசனையும் அவருடன் இருந்த தலித்துகளையும் சாதிவெறியர்கள் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்ததுதான் காரணம். ஆகவே கிராம சபை தானாகவே ஜனநாயகம் ஆகிவிடாது. அங்கே சேரியின் குரல் பதிவாக வேண்டும், நிலமில்லாதவரின் கணக்கு வரவேண்டும். பட்டா வைத்திருப்பவருக்கு மட்டும் நட்ட ஈடு, கூலிக்கு வேலை செய்தவருக்கு ஒன்றுமில்லை என்பதைச் சபையே ஏற்றுக்கொண்டால், அதையும் நாம்தான் எதிர்க்க வேண்டும்.

தனிமனிதர்கள் கண்காணிப்பில் இறங்கினால் என்ன நடக்கிறது? புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் குவாரிகளுக்கு எதிராக அதிகாரிகளிடம் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குவாரி நடத்தியவர்களே கைதானார்கள். அரசு செய்ய வேண்டிய வேலையை ஒரு குடிமகன் செய்தால் அதற்கு உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில்தான் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தை அதில் கரைத்துவிட்டார்கள். ஆய்வாளர் என்ற பதவியின் பெயரே இப்போது ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும் என்று மாறிவிட்டது. யாருக்கு வசதி? சட்டத்தின் நோக்கம் பெயரிலேயே தெரிகிறது.

தோழர்களே, வளர்ச்சி வேண்டாமா, பேட்டரிக்குக் கனிமம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். நாட்டுக்குத் தேவை என்றால், தேவைக்காகச் சாகிறவர்களைக் கேட்க என்ன பயம்?

நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு சுரங்கமும் குவாரியும் தன்னிடம் வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். விபத்து நடந்தால் குத்தகைதாரரே முதல் பொறுப்பு. கனிம அறக்கட்டளைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர்களுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வேண்டும், அதில் தலித், ஆதிவாசி, பெண்கள் கட்டாயம். கருத்துக்கேட்புக் கூட்டத்தை ரத்து செய்த குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். ஆய்வறிக்கை எழுதுகிறவருக்கு நிறுவனம் நேரடியாகக் காசு தரக்கூடாது. ஆய்வாளர் பணியிடங்களைப் பெருக்கி, முன்னறிவிப்பில்லாமல் குழிக்குள் இறங்கும் அதிகாரத்தை உறுதிசெய்ய வேண்டும்.

இவற்றுக்காக டெல்லி வரை போகும் முன் உங்கள் மாவட்டத்திலேயே தொடங்கலாம். கனிம அறக்கட்டளைக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பக்கத்துக் குவாரிக்குக் கடைசியாக எப்போது ஆய்வாளர் வந்தார் என்று கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், அமைப்பாகக் கேளுங்கள். வருகிற பதிலைச் சேரியிலும் வாசியுங்கள், கிராம சபையிலும் வாசியுங்கள்.

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. தொழிலாளர்கள் தாங்கள் வாழ்ந்த லைன் வீடுகளுக்காகவும் நிலுவைத் தொகைக்காகவும் பல்லாண்டுகள் அலைந்தார்கள். அங்கே குவிந்து கிடக்கும் சயனைடு மண்மேடுகளில் இன்னும் தங்கம் மிச்சமிருக்கிறது என்று கணக்குப் போட்டு, 2024இல் 13 மேடுகளை ஏலம் விடக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கழிவு மண்ணில் ஒட்டியிருக்கிற தங்கத்துக்குக்கூட இந்த அரசிடம் கணக்கு இருக்கிறது. அந்த மண்ணை வெட்டி மேலே அனுப்பியவர்களின் நுரையீரலுக்குள் எவ்வளவு தூசி போனது என்ற கணக்கை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.